முன்னூற்றுப் பன்னிரண்டின் கொக்கி

சொட்டுக்காரருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காவல்துறை ஆயுதக் கிடங்கில் துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பது அவர் வேலை. முப்பத்தொரு வருடமாக அதே மேஜை, அதே முக்காலி, கம்பி போட்ட அதே ஜன்னல். பிஸ்டலை வாங்கிப் போக வரும் ஒவ்வொருவரிடமும் தவறாமல் ஒன்றைச் சொல்லுவார்: "எண்ணெய் ஒரு சொட்டு போதும். ரெண்டாவது சொட்டு அழுக்குக்கு வைக்கிற விருந்து." கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள் வைத்த பெயர்தான் சொட்டுக்காரர். அவர் காதில் விழும்படியே கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

கவனம் என்றால் அப்படி ஒரு கவனம். வீட்டைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். "இவர் இழுக்கிற இழுப்புல ஒரு நாள் கதவே கழண்டு கையோட வந்துடும்" என்று அவர் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். கிடங்கில் திருகாணிகளைக் கூட அளவுவாரியாகத் தூங்க வைத்திருப்பார். இப்பேர்ப்பட்ட மனிதர்தான் ஒரு தப்பைச் செய்தார். யானைக்கும் அடி சறுக்கும் என்று ஊர் சுலபமாகச் சொல்லிவிடும். சறுக்கின யானையின் காலடியில் யார் இருந்தார் என்று யாரும் கேட்பதில்லை.

கிடங்கில் பிஸ்டல்களை எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தால்தான் கூப்பிடுவார்கள். சுவர் நீளத்துக்கு ஒரு மரச்சட்டம். எண் போட்ட முளைகள். தினமும் காலையில் சொட்டுக்காரர் அதன் முன்னால் நின்று வாய்விட்டு எண்ணுவார். முன்னூற்றுப் பத்து, முன்னூற்றுப் பதினொன்று என்று வருவார். அங்கே தொண்டையைக் கனைப்பார். பிறகு முன்னூற்றுப் பதின்மூன்று. இடையிலிருந்த முளை பதினொரு வருடமாகக் காலி. பேருந்துச் சீட்டின் எண் அந்த மூன்று இலக்கத்தில் முடிந்தால் உடனே மடித்துவிடுவார். அந்த எண் போட்ட வீடு ஒன்று அவர் போகும் தெருவில் இருந்தது. அதைத் தாண்டுவதற்காக எதிர்ப்பக்கம் போய் நடந்து, மறுபடி இந்தப்பக்கம் வருவார். காரணம் கேட்டவர்களிடம் வெயில் என்பார். மழைநாளிலும் அதையே சொன்னார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நீதிமன்றக் காவலர் ஒருவர் அரக்கு முத்திரை வைத்த துணிப் பொட்டலத்தோடு வந்து நின்றார்.

"வழக்கு முடிஞ்சிடுச்சு சார். சாமான் திரும்பி வந்திருக்கு. ஒரு கையெழுத்து."

"என்ன நம்பர்?"

"முன்னூத்திப் பன்னெண்டு."

பேனா எழுதவில்லை. உதறிப் பார்த்தார், அப்போதும் எழுதவில்லை. மூடியைக் கழற்றாமலே எழுதிக்கொண்டிருந்தார் என்பதை அந்தக் காவலர்தான் பார்த்துச் சொன்னார்.

கூடவே ஒரு தாள். பழுது நீக்கி, சுட்டுப் பார்த்து, மறுபடி பயன்பாட்டுக்கு எடுக்கவும் என்று இருந்தது. பொட்டலத்தைப் பிரித்தார். நன்றாக உழைத்த பிஸ்டல். உறையில் உரசி உரசி முனையில் கறுப்பு போய் வெள்ளை தெரிந்தது. பிடியில் கட்டைவிரல் படுகிற இடம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது, அதுவும் வலப்பக்கம். இடதுகைக்காரரின் கட்டைவிரல்தான் அங்கே படும். அந்த இடதுகைக்காரர் சொட்டுக்காரரின் தங்கை புருஷன்.

இனி பதினொரு வருடம் பின்னால் போக வேண்டும்.

வருடாந்திரச் சோதனை என்று ஒன்று உண்டு. மேலிடத்து அதிகாரி வந்து ஒவ்வொரு பிஸ்டலாக எடுத்துப் பார்ப்பார். ஒரே நாளில் முடியாது. முதல் பாதி ஒரு நாள், மறு பாதி அடுத்த நாள். அந்த வருடம் உதிரி பாகங்கள் வரவில்லை. கடிதம் மேல் கடிதம் எழுதியும் கல்லில் நார் உரித்த கதைதான். ஏழு பிஸ்டல்களில் கொக்கி சரியில்லை. கொக்கி என்பது சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஓர் இரும்புத் துண்டு. புத்தகத்தில் அதற்கு எக்ஸ்ட்ராக்டர் என்று பெயர். குண்டு பறந்த பிறகு குழலுக்குள் தங்கிவிட்ட வெறுங்கூட்டைக் கவ்வி வெளியே இழுப்பது அதன் வேலை. அது இழுத்தால்தான் அடுத்த தோட்டா உள்ளே போகும். அதன் நுனி உடைந்தால், பிஸ்டல் ஒரே ஒரு முறை சுடும். அப்புறம் அது கையில் இருக்கிற கல்.

உதிரி வராத வருடங்களில் கிடங்கில் ஒரு வழக்கம் இருந்தது. முதல் நாள் சோதனையில் தேறின பிஸ்டல்களிலிருந்து நல்ல கொக்கியைக் கழற்றி, மறுநாள் போக வேண்டியவற்றில் மாட்டிவிடுவார்கள். சோதனை முடிந்ததும் அதனதன் இடத்துக்குத் திருப்பிவிடுவார்கள். இதற்குக் கைமாற்று என்று பெயர். அதிகாரிகளுக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார்கள். எழுத்தில் மட்டும் எங்கேயும் இருக்காது.

சொட்டுக்காரர் சும்மா செய்யவில்லை. விரிசல் விட்ட கொக்கிகளின் முதுகில் ஊசியால் மூன்று சிறு கோடு கீறி வைத்தார். அது அவருடைய சொந்த ஏற்பாடு. வேறு ஒருவருக்கும் தெரியாது. இரண்டாம் நாள் சாயங்காலம், சோதனை முடிந்து, நல்லதைத் தகர மூடியில் இடப்பக்கமும் கெட்டதை வலப்பக்கமும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பி மாட்டிக்கொண்டிருந்தபோது தங்கை புருஷன் ஜன்னலில் வந்து நின்றார்.

"மச்சான், இன்னுமா முடியல? உங்க மருமக இன்னைக்குப் பள்ளிக்கூட மேடையில மரமா நிக்கப் போறா. பேச்சே கிடையாது, நிக்கணும், அவ்வளவுதான். அதைப் பார்க்க மாமா வரலைன்னா எங்க ரெண்டு பேரையும் தொலைச்சுக் கட்டிடுவா."

"இதோ மாப்ள, அஞ்சு நிமிஷம்."

"மரம் காத்திருக்கும். பஸ்ஸு காத்திருக்குமா?"

சிரித்தார்கள். பதறாத காரியம் சிதறாது என்று அடுத்தவருக்கு ஆயிரம் தடவை சொன்ன வாய். அன்றைக்கு தகர மூடியைத் தன் பக்கம் நகர்த்தி, கை வேகமாக மாட்டிக்கொண்டே போனது. நகர்த்தும்போது இடமும் வலமும் கலந்திருக்க வேண்டும். அந்த நாடகத்தில் மரமாக நின்ற மருமகள் மூக்கைச் சொறிந்தாள். குடும்பமே விழுந்து விழுந்து சிரித்தது. சொட்டுக்காரர் வாழ்க்கையில் அப்படிச் சிரித்த கடைசி நாள் அதுதான்.

நான்கு நாள் கழித்து, பயன்படுத்தக் கூடாது என்று சிவப்புச் சீட்டுக் கட்டி ஒதுக்கியிருந்த பிஸ்டல் ஒன்றைத் தற்செயலாகத் திறந்தார். உள்ளே நல்ல கொக்கி இருந்தது. கோடு இல்லை, விரிசல் இல்லை. இதில் நல்லது இருக்கிறது என்றால், இதனுடைய கெட்டது வேறொன்றில் இருக்கிறது. சட்டத்திலிருந்த அத்தனையையும் அன்றே திறந்து பார்த்துவிட்டார். இல்லை. மீதி நாற்பத்தொன்று வெளியே, ஆட்களின் இடுப்பில். எந்தெந்த பிஸ்டலிலிருந்து நல்ல கொக்கியைக் கழற்றினோம் என்று எழுதி வைத்திருக்கவில்லை.

எல்லாவற்றையும் திருப்பி வரவழைத்திருக்கலாம். ஆனால் ஏன் என்று எழுத வேண்டும். எழுதினால் கைமாற்று வெளியே வரும். மாதக் கடைசியில் எப்படியும் பார்வைக்கு வருமே, அப்போது கமுக்கமாக மாற்றிவிடலாம் என்று நினைத்தார். நாற்பத்தொன்றில் ஒன்றுதானே என்றும் நினைத்தார். பயந்தவனுக்குக் கணக்கு நன்றாக வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனார். பேச்சுவாக்கில், "மாப்ள, உங்க முன்னூத்திப் பன்னெண்டை ஒரு தடவை பார்க்கட்டுமா?" என்றார். அவசரப் பணிக்காரர் என்பதால் தங்கை புருஷன் பிஸ்டலை வீட்டுக்கு எடுத்துவர அனுமதி உண்டு. அவரும் உடனே சாப்பாட்டு மேஜையில் துணியை விரித்து, "நானும் இன்னைக்குத் துடைக்கணும்னுதான் இருந்தேன்" என்று தோட்டாக்களைக் கழற்ற ஆரம்பித்தார். தங்கை அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"சாப்பிடற மேஜையிலயா? ரெண்டு பேரும் எந்திரிங்க! அந்த எண்ணெய் நாத்தம் எனக்கு ஆகாதுன்னு எத்தனை தடவை சொல்றது? அதை உள்ள வைங்க முதல்ல."

அவளுக்கு அந்த வாடை பிடிக்காது. வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அண்ணன் வேலை முடிந்து வந்தால்கூட, பின்கட்டுக் குழாயில் கை கழுவிவிட்டுத்தான் வாசற்படி ஏற வேண்டும். இரண்டு ஆண்களும் திட்டு வாங்கின பிள்ளைகள் மாதிரி முழித்தார்கள். பிஸ்டல் பீரோவுக்குள் போனது.

"நாளைக்குக் கிடங்குக்கே கொண்டாங்க மாப்ள."

"கொண்டாரேன் மச்சான்."

அதற்கு மேல் சொட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஐந்து நிமிட வேலை.

திங்கட்கிழமை பகல் பதினொன்றரைக்கு, கிடங்குக்கு வருகிற வழியில், ஒரு கடைவாசலில் கத்தியோடு நின்றவனைத் தங்கை புருஷன் எதிர்கொண்டார். முதல் குண்டு படவில்லை. இரண்டாவது குண்டு வரவே இல்லை.

பிஸ்டலை வழக்குக்காக எடுத்துப் போய்விட்டார்கள். மூன்று வாரத்தில் ஆய்வறிக்கை வந்தது, மூன்றே வரி. வெடித்த கூடு வெளியேறவில்லை. உட்புறம் அழுக்கு. பராமரிப்புக் குறைவு. கொக்கியைக் கழற்றிப் பார்த்ததாக அதில் இல்லை. வைத்திருந்தவரின் அலட்சியம் என்று ஆனதால், பணியில் உயிர்விட்டவர்களின் பெயர் பொறித்து வளாக வாசலில் வைத்திருக்கும் பலகையில் அவர் பெயர் ஏறவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் போன பிறகு தங்கை அண்ணனிடம் கேட்டாள்: "அழுக்குதானா அண்ணே?"

"அப்படித்தான் எழுதியிருக்கு."

அவர் சொன்னதில் பொய் இல்லை. பொய் சொல்லியிருந்தால்கூட என்றைக்காவது மன்னிப்புக் கேட்டிருப்பார்.

"நான்தான் துடைக்க விடல. நீ பார்த்துக்கிட்டுதானே இருந்தே?" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அவர் அந்தக் கையைப் பிடித்துத் தடுத்தார்.

அதற்குப் பிறகு அவர் எப்போது போனாலும் அவள் குழாயடிக்கு அனுப்புவதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, "கழுவ வேணாம்ணே, அப்படியே உட்காரு. அந்த வாசனை இருந்துட்டுப் போகட்டும்" என்பாள். தையல் வேலை செய்து மகளை வளர்த்தாள். தையல் மிஷினுக்கு வாரம் தவறாமல் எண்ணெய் விடுவாள். விட்ட தேதியைச் சுவரில் சாக்பீஸால் குறித்து வைப்பாள். அண்ணன் கழுவாத கையில் தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு சுவரிலிருக்கும் தேதிகளைப் பார்ப்பார். பதினொரு வருடத் தேதிகள். பழசை அவள் அழிக்கவில்லை.

இத்தனை காலமும் சொட்டுக்காரரைக் காப்பாற்றியது ஒன்றுதான்: அவருக்கு உறுதியாகத் தெரியாது. அழுக்காகவும் இருக்கலாம். நாற்பத்தொன்றில் வேறு எதுவாகவும் இருக்கலாம். மாதக் கடைசிப் பார்வையில் திறந்து பார்த்தபோது தொலைந்த கொக்கி மற்ற நாற்பதில் அகப்படவில்லை என்பது அவருக்குத் தெரியும். அதை மட்டும் நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை, அந்தப் பொட்டலத்தின் முன்னால், நினைக்காமல் இருக்க வழியில்லாமல் போனது.

மேல்தகட்டைக் கழற்றினார். கரி படிந்து இறுகியிருந்த கொக்கியை முள்ளால் நெம்பி எடுத்து, துணியில் வைத்துத் துடைத்தார். நுனி இல்லை. முதுகைத் திருப்பினார். மூன்று கோடுகள். நேற்றுக் கீறின மாதிரி பளிச்சென்று இருந்தன.

மேஜை இழுப்பறையில் புதுக் கொக்கிகள் இருந்தன. அந்த வருடம் வராத உதிரிகள், தங்கை புருஷன் இறந்த மறுமாதமே பெட்டி பெட்டியாக வந்து இறங்கியிருந்தன. ஒன்றை எடுத்து மாட்டினார். கை தானாகச் செய்தது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். பழைய பாகத்தைக் கழிவுத் தொட்டியில் போட்டால் முடிந்தது. அந்தக் கோடுகளைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் இந்த உலகத்தில் அவர்தான். ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது.

பின்னாலிருந்த சுடுதளத்துக்குப் போய்ப் பத்து முறை சுட்டுப் பார்த்தார். சுடுவதைவிட, கூடு சிமெண்டுத் தரையில் விழுகிற சத்தத்தைத்தான் அவர் கேட்பது வழக்கம். கிளிங். கிளிங். பத்தும் விழுந்தன. பிஸ்டல் சரியாகிவிட்டது. ஆனால் அவர் நகரவில்லை. பதினொன்றாவது விழும் என்று காத்து நின்றார். பத்துதான் சுட்டோம் என்பது தெரிந்தே நின்றார். பக்கத்தில் யாரோ இடது கையை நீட்டி நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. "மரம் காத்திருக்கும் மச்சான்" என்று அந்தக் குரல் அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

உடைந்த கொக்கியைத் தொட்டியில் போடவில்லை. தீப்பெட்டி ஒன்றில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நடந்தால் சத்தம் போட்டது. வீட்டில் மனைவி கேட்டாள்: "பையில என்ன கிலுகிலுக்குது?"

"ஒன்னுமில்ல. திருகாணி."

"பூட்டை இழுத்துப் பார்க்காமலே உள்ள வந்துட்டீங்க. உடம்புக்கு ஏதாவதா?"

வியாழக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனார். அவள் மிஷினில் ஊசி உடைந்து, துணியைப் பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எண்ணெய் விட்டேனா இல்லையான்னு ஞாபகம் இல்லண்ணே. சுவத்துல தேதி இருக்கு, ஆனா நெஜமா விட்டேனான்னு சந்தேகமா இருக்கு." சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தாள். "ஒரு சொட்டு எண்ணெய்க்காக ஒரு ஆளைத் தின்னவ. என் கைக்கு எதுதான் நிலைக்கும்?"

தீப்பெட்டியின் மேல் கையை வைத்தபடி அவர் தேநீரைக் குடித்து முடித்தார். வாய் வரைக்கும் வந்ததை மென்று முழுங்கிவிட்டு எழுந்து போய்விட்டார். வழியெல்லாம் தன்னையே செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை முழுக்க எழுதினார். சனிக்கிழமை காலை பொறுப்பதிகாரியின் மேஜையில் வைத்தார். கைமாற்று, தகர மூடி, மூன்று கோடு, நாற்பத்தொன்று, ஞாயிற்றுக்கிழமை, எல்லாம் அதில் இருந்தன. கடைசி வரி இது: 'பராமரிப்புக் குறைவு அவருடையது அல்ல, என்னுடையது.'

அதிகாரி இரண்டு தடவை படித்தார். "எட்டு மாசம்தான் இருக்கு உங்களுக்கு. யோசிச்சீங்களா?"

"பதினோரு வருஷம் யோசிச்சிட்டேன் சார்."

"பலகையில பேர் ஏறுமான்னு என்னால சொல்ல முடியாது. உங்களுக்கு என்ன ஆகும்னு சொல்ல முடியும்." தாளை இழுப்பறையில் வைத்தார். "திங்கட்கிழமை அந்தக் கொக்கியைக் கொண்டாங்க. முத்திரை வச்சு அனுப்பணும்."

ஞாயிற்றுக்கிழமை தங்கை நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. சாப்பாட்டு மேஜை மேல் தீப்பெட்டியை வைத்துத் திறந்தார். நின்றபடியே, ஒன்றையும் விடாமல் சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரிலிருந்த தேதிகளைப் பார்த்துச் சொன்னார்.

அவள் கொக்கியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். நூல் கோக்கிறவள் கண்ணுக்குக்கூட அது சின்னதாகத்தான் இருந்தது.

"இதுவா?"

"இதுதான்."

"அன்னைக்கு அவர் துடைச்சிருந்தா?"

"துடைச்சிருந்தாலும் உடைஞ்சிருக்கும். நான் திறந்து பார்த்திருந்தா உடைஞ்சிருக்காது."

"அப்ப நான்..."

"நீ ஒன்னுமே பண்ணலம்மா."

அவள் கொக்கியைப் புரட்டி, முதுகிலிருந்த மூன்று கோட்டையும் நகத்தால் தடவினாள். பிறகு கேட்டாள்: "உனக்கு எப்பத் தெரியும்?"

"உறுதியா, இந்தச் செவ்வாய்க்கிழமை."

"உறுதியில்லாம?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. அதிகாரி கேட்காதது.

"அன்னைக்கே."

"அழுக்குதானான்னு உன்னைக் கேட்டேன்."

"கேட்டே."

"இந்த மேஜையில உட்கார்ந்து, பதினோரு வருஷம், என் கையால டீ குடிச்சே."

"ஆமா."

அவள் கையை மூடிக்கொண்டாள். அழவில்லை. முகம் மட்டும் மெதுவாக மாறிக்கொண்டே வந்தது. அதில் கோபம் ஏற ஏற, பழைய ஒரு முகம், கரண்டியோடு அடுக்களையிலிருந்து வந்து நின்றவளின் முகம், அங்கே திரும்பி வந்து நின்றது.

"போ. போய்க் கையைக் கழுவு" என்றாள். "அந்த எண்ணெய் நாத்தம் எனக்கு என்னைக்குமே பிடிச்சதில்ல."

சொட்டுக்காரர் பின்கட்டுக்குப் போனார். பதினொரு வருடமாக அவர் தொடாத குழாய், திருகு இறுகியிருந்தது. சோப்புப் போட்டுக் கழுவினார். நகக்கண்ணில் முப்பத்தொரு வருடக் கறுப்பு இருந்தது. துடைக்கத் துண்டு இல்லாமல், ஈரக்கையை முன்னால் நீட்டிக்கொண்டு வந்து படியில் நின்றார்.

அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள். குனிந்து முகர்ந்தாள்.

"இன்னும் நாறுது. மறுபடி கழுவு."

அவர் மறுபடியும் குழாயடிக்குப் போனார்.